சிற்றணு இரத்தசோகை: காரணங்களும் நோயறி முறைகளும்
(இரும்புச்சத்துக் குறைபாட்டையும் தலசீமியாக் கூறையும் முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

இரத்தச் சிவப்பணுக்கள் இயல்பான அளவினும் சிறுத்துக் காணப்படும் இரத்தசோகை, சிற்றணு இரத்தசோகை எனப்படும். இரும்புச்சத்துக் குறைபாடே இதற்குப் பெரும்பான்மைக் காரணமாகும். எனினும் தலசீமியாக் கூறு, நாள்பட்ட அழற்சி, ஈய நச்சு, சிடரோபிளாஸ்டிக் இரத்தசோகை ஆகியனவும் இதே தோற்றத்தைத் தருகின்றன. தோற்றம் ஒன்றாயினும் மருத்துவம் வேறுவேறாக அமைவதால், காரணத்தைப் பிரித்தறிதல் இன்றியமையாததாகிறது. சிவப்பணு சிறுப்பதன் அடிப்படை, அதற்கான காரணங்கள், அவற்றை எளிய ஆய்வகச் சோதனைகளால் படிப்படியாகப் பிரித்தறியும் முறை, அம்முறையில் பிழை நேரும் இடங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: இரத்தசோகை, சிற்றணு, இரும்புச்சத்து, ஃபெரிட்டின், ஹெப்சிடின், தலசீமியாக் கூறு, ஈய நச்சு.

முன்னுரை

இரத்தசோகை இந்தியாவின் பொதுச் சுகாதாரச் சிக்கல்களுள் தலையாயது. 2019-21ஆம் ஆண்டுகளில் நிகழ்த்தப்பெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களுள் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். தமிழ்நாட்டில் இவ்வளவு 53.4 விழுக்காடாகும். ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளிடையே இது நாட்டளவில் 67.1 விழுக்காடாகவும் தமிழ்நாட்டில் 57.4 விழுக்காடாகவும் பதிவாகியுள்ளது.

இக்கணக்கெடுப்பு, விரல் நுனியிலிருந்து எடுத்த ஒரு துளி இரத்தத்தில் ஹீமோகுளோபினின் அளவை மட்டுமே கண்டது. ஹீமோகுளோபின் குறைந்துள்ளது என்பதை அது காட்டும். ஏன் குறைந்தது என்பதைக் காட்டாது. இவ்வேறுபாட்டின் முதன்மையை 2016-18ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த முழுமைத் தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு உணர்த்துகிறது. நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து இரும்பின் இருப்பையும் அளந்த அக்கணக்கெடுப்பில், ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளுள் 41 விழுக்காட்டினரிடம் இரத்தசோகையும் 32 விழுக்காட்டினரிடம் இரும்புக் குறைபாடும் காணப்பட்டன. இவ்விரு தொகுதியினரும் முற்றிலும் ஒருவரே அல்லர். இரும்புக் குறைபாடு இருந்தும் சோகை தோன்றாதோர் உண்டு. சோகை இருந்தும் இரும்பு குறையாதோரும் உண்டு.

எனினும், சோகை என்றவுடன் இரும்பு மாத்திரையை நினைப்பதே நடைமுறையில் வழக்காக உள்ளது. பெரும்பாலோருக்கு அது பொருத்தமான மருத்துவமே. பொருந்தாத சிலருக்கு அம்மாத்திரை பயனற்றுப் போவதோடு, உண்மையான நோயை மறைக்கவும் கூடும். அச்சிலரை இனங்காணும் வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பின்புலமும்

உடல் வெளுத்தல், மூச்சிரைத்தல், சோர்வு ஆகிய குறிகளைக் கொண்ட நோயைச் சித்த மருத்துவம் பாண்டு என்று வழங்குகிறது. அந்நோய்க்கு அயம், அன்னபேதி முதலிய இரும்புச் சரக்குகளால் ஆன மருந்துகளையும் அது வகுத்துள்ளது. அன்னபேதி என்பது வேதியியலார் கூறும் ஃபெரஸ் சல்பேட்டாகும். இன்று மருந்தகங்களில் கிடைக்கும் இரும்பு மாத்திரைகள் பலவற்றின் மூலப்பொருளும் அதுவே.

ஐரோப்பாவில் இளம்பெண்களிடம் காணப்பட்ட வெளிறிய நோயை 1554இல் ஜெர்மானிய மருத்துவர் யோகானஸ் லாங்கே விவரித்தார். பின்னர் அது 'குளோரோசிஸ்' எனப்பட்டது. 1832இல் பிரான்சு நாட்டு மருத்துவர் பியேர் புளோ ஃபெரஸ் சல்பேட்டையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் சேர்த்து மாத்திரையாக்கி அந்நோய்க்கு வழங்கினார். இவ்வாறு இரும்புக்கும் சோகைக்கும் உள்ள தொடர்பு பல மருத்துவ மரபுகளில் பட்டறிவால் அறியப்பட்டது. இரும்பு கொடுத்தும் தேறாத சிற்றணு இரத்தசோகைகள் சில உள்ளன என்பது 20ஆம் நூற்றாண்டிலேதான் தெளிவாயிற்று. 1925இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் தாமஸ் கூலி விவரித்த கடுஞ்சோகை அவற்றுள் முதன்மையானது. அதுவே இன்று தலசீமியா எனப்படுகிறது. மத்தியதரைக் கடற்கரை நாட்டவரிடம் முதலில் அறியப்பட்டமையால், கடலைக் குறிக்கும் 'தலசா' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் அமைந்தது.

சிவப்பணு சிறுப்பதன் அடிப்படை

சிவப்பணுவின் சராசரிக் கொள்ளளவு ஆய்வக அறிக்கைகளில் எம்.சி.வி. என்று குறிக்கப்படும். வயது வந்தோர்க்கு இது 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் வரை இருத்தல் இயல்பு. 80க்குக் குறைந்தால் அணு சிறுத்துள்ளது எனக் கொள்வர். குழந்தைகளுக்கு இயல்பான கீழெல்லையே குறைவாகும். ஒரு வயதுக் குழந்தைக்கு அது 70ஐ ஒட்டி அமையும். ஆகவே வயதைக் கருதாமல் எம்.சி.வி. அளவைப் பொருள்கொள்ளுதல் கூடாது.

ஹீமோகுளோபின் இரு பகுதிகளால் ஆனது. ஒன்று இரும்பை நடுவில் கொண்ட ஹீம். மற்றொன்று குளோபின் என்னும் புரதச் சங்கிலி. எலும்பு மஜ்ஜையில் வளரும் இளஞ்சிவப்பணு, தனக்குள் ஹீமோகுளோபின் போதிய செறிவை எட்டும்வரை பகுப்படைகிறது என்பது நெடுங்கால விளக்கம். ஹீமோகுளோபின் உருவாவது மந்தமானால், அச்செறிவை எட்டுமுன் அணு கூடுதலாகப் பகுப்படைந்து சிறுத்துவிடுகிறது. ஹீம் குறைந்தால் குளோபின் உருவாக்கத்தையும் தணிக்கும் நொதி ஒன்று இளஞ்சிவப்பணுவில் உள்ளது என்பதும் இன்று அறியப்பட்டுள்ளது.

இவ்விளக்கத்திலிருந்து காரணங்களின் வகைப்பாடு தானே பெறப்படும். இரும்பு இல்லாமற் போகலாம்: இது இரும்புக் குறைபாடு. இரும்பு உடலில் இருந்தும் மஜ்ஜைக்குக் கிட்டாமற் போகலாம்: இது நாள்பட்ட அழற்சி. இரும்பு கிட்டியும் ஹீம் உருவாகாமற் போகலாம்: இது ஈய நச்சும் சிடரோபிளாஸ்டிக் இரத்தசோகையும். ஹீம் உருவாகியும் குளோபின் குறைவுபடலாம்: இது தலசீமியா. உற்பத்திப் பாதையில் தடை எங்கு நேர்ந்தாலும் அதன் புறவிளைவு சிறிய அணுவே.

இரும்பின் உடற்சுழற்சி

வயது வந்தோர் உடலில் ஏறத்தாழ 3 முதல் 4 கிராம் இரும்பு உள்ளது. அதில் மூன்றில் இரு பங்கு ஹீமோகுளோபினில் அடங்கும். புதிய சிவப்பணுக்களை ஆக்குவதற்கு மஜ்ஜைக்கு நாள்தோறும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு தேவை. ஆனால், உணவிலிருந்து உறிஞ்சப்படுவது நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. எஞ்சியது முழுவதும், ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து முதிர்ந்த சிவப்பணுக்களை மண்ணீரல், கல்லீரல் முதலிய உறுப்புகளின் விழுங்கணுக்கள் சிதைத்து மீட்டுத் தருவதாகும்.

இரும்பைச் சிறுநீர் வழியாகவோ பித்தம் வழியாகவோ வேண்டும் அளவிற்கு வெளியேற்றும் ஏற்பாடு மனித உடலில் இல்லை. எனவே கட்டுப்பாடு முழுவதும் உறிஞ்சும் இடமாகிய முன்சிறுகுடலிலேயே அமைந்துள்ளது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் சிறு புரதம் அக்கட்டுப்பாட்டின் திறவுகோல். அது குடலணுக்களிலும் விழுங்கணுக்களிலும் இரும்பு வெளியேறும் வாயிலாகிய ஃபெரோபோர்ட்டினை அழித்துவிடுகிறது. இரும்பு மிகும்போதும் அழற்சியின்போதும் ஹெப்சிடின் கூடும். இரும்பு குறையும்போதும் இரத்த உற்பத்தி விரையும்போதும் அது குறையும். இரும்புக் குறைபாட்டிற்கும் அழற்சிச் சோகைக்கும் இடையிலான வேறுபாட்டை விளங்கிக்கொள்ள இச்செய்தி அடிப்படையாகும்.

இரும்புக் குறைபாட்டின் காரணங்கள்

இரும்புக் குறைபாடு தனித்த நோயன்று, வேறொன்றன் விளைவு. அதன் காரணங்களைத் தேவை மிகுதல், உட்கொள்ளல் குறைதல், உறிஞ்சல் குறைதல், இரத்த இழப்பு என நான்காகப் பகுக்கலாம்.

தேவை மிகும் பருவங்கள் குழந்தைப் பருவமும் பூப்புப் பருவமும் பேறுகாலமுமாகும். ஒரு பேறுகாலத்தின் மொத்த இரும்புத் தேவை ஏறத்தாழ 1 கிராம். உடலின் மொத்த இரும்பில் கால் பங்கிற்கும் மேற்பட்ட இவ்வளவை, முன்னரே சேமிப்புக் குறைந்த ஒருவரால் உணவால் மட்டும் ஈட்ட இயலாது. கருவுற்றோர்க்கு நாள்தோறும் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை 180 நாள்கள் வழங்கப்படுவதன் காரணம் இதுவே.

உணவைப் பொறுத்தவரை இரும்பின் அளவைவிட அதன் வடிவம் முதன்மையானது. இறைச்சி, ஈரல், மீன் ஆகியவற்றிலுள்ள ஹீம் இரும்பு எளிதில் உறிஞ்சப்படும். கேழ்வரகு, பயறு, கீரை ஆகியவற்றிலுள்ள இரும்பு அவ்வாறன்று; தானியங்களிலுள்ள ஃபைட்டேட்டும் தேநீர், காப்பி ஆகியவற்றிலுள்ள பாலிஃபீனால்களும் அதைப் பிணைத்துக்கொள்கின்றன. முளைகட்டுதலும் புளிக்கவைத்தலும் ஃபைட்டேட்டைக் குறைக்கும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி உறிஞ்சலைக் கூட்டும். உணவோடு தேநீரைத் தவிர்த்து இடைவெளி விட்டு அருந்துதல் செலவில்லாத ஒரு திருத்தமாகும். ஆறு மாதத்திற்குப் பின்னும் இணையுணவின்றிப் பாலையே முதன்மை உணவாகக் கொள்ளும் குழந்தைகளிடமும் இக்குறைபாடு தோன்றும்.

உறிஞ்சல் குறைவிற்கு இரைப்பைச் சவ்வுச் சுருக்கம், ஹெலிகோபாக்டர் பைலோரி தொற்று, கோதுமைப் புரதத்தால் நேரும் சீலியாக் நோய், அமிலக் குறைப்பு மருந்துகளின் நெடுங்காலப் பயன்பாடு ஆகியன காரணமாகும்.

நான்கனுள் கூர்ந்து நோக்கத்தக்கது இரத்த இழப்பு. ஒரு மில்லிலிட்டர் இரத்தம் இழக்கப்படும்போது ஏறத்தாழ 0.5 மில்லிகிராம் இரும்பு இழக்கப்படுகிறது. நாள்தோறும் 5 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு இரத்தம் குடலில் கசிந்தாலே 2.5 மில்லிகிராம் இரும்பு போய்விடும். இது அன்றாட உறிஞ்சலை விஞ்சிய இழப்பாகும். இவ்வளவு கசிவு மலத்தின் நிறத்தை மாற்றாமலும் இருக்கலாம்.

மாதவிடாயில் 80 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட இழப்பு மிகைப்போக்கு எனப்படும். கருப்பைத் தசைக்கட்டி அதன் காரணங்களுள் ஒன்று. பல பெண்கள் தம் மிகைப்போக்கை இயல்பெனவே கருதி வாழ்வதால், வினவினாலன்றி அது வெளிப்படுவதில்லை. வெறுங்காலோடு ஈரமண்ணில் உழைப்போரிடம் கொக்கிப்புழுத் தொற்று நேரும். ஆன்சைலோஸ்டோமா வகைப் புழு ஒன்று நாளொன்றுக்கு 0.15 முதல் 0.2 மில்லிலிட்டர் இரத்தத்தையும், நெகேட்டர் வகைப் புழு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் இரத்தத்தையும் உறிஞ்சும். புழுக்கள் நூற்றுக்கணக்கில் பெருகும்போது விளையும் இழப்பு பெரிது.

ஆண்களிடமும் மாதவிடாய் நின்ற பெண்களிடமும் இரும்புக் குறைபாடு காணப்படின், வேறு காரணம் நிறுவப்படும்வரை, குடலில் இரத்தக் கசிவு உண்டெனவே கொள்ளுதல் மருத்துவ மரபு. வலிநீக்கி மாத்திரைகளால் நேரும் இரைப்பைப் புண், குடற்புண், பெருங்குடற்புற்று ஆகியன அதன் காரணங்களாகலாம். இத்தகையோருக்கு இரைப்பையையும் பெருங்குடலையும் உள்நோக்கிக் கருவியால் ஆராய்தல் வேண்டும். மூலநோய் இருப்பதைக் கண்டு, காரணம் கிடைத்துவிட்டது என அமைதலும் தகாது. மூலநோயும் புற்றும் ஒருவரிடமே இருத்தல் கூடும். இரும்பு மாத்திரையால் ஹீமோகுளோபின் உயர்ந்துவிட்டதனால் தேடல் கைவிடப்பட்டால், புற்றைத் தொடக்கத்திலேயே கண்டறியும் வாய்ப்பு நழுவிவிடும்.

இரும்புக் குறைபாட்டின் குறிகளுள் சோர்வும் மூச்சிரைப்பும் எல்லாச் சோகைக்கும் பொதுவானவை. நகம் குழிந்து கரண்டி வடிவுறல், நாக்கின் மேற்பரப்பு வழுவழுப்பாதல், வாயோரப் புண், முடி உதிர்தல் ஆகியன ஓரளவு சிறப்புக் குறிகள். மண், சாம்பல், பல்பம், பச்சரிசி, பனிக்கட்டி ஆகியவற்றைத் தின்னும் வேட்கை இக்குறைபாட்டோடு நெருங்கிய தொடர்புடையது. குழந்தையின் கெட்ட பழக்கமெனக் கண்டிக்கப்படும் அது, இரத்தப் பரிசோதனைக்குரிய ஓர் அறிகுறியாகும்.

தலசீமியாக் கூறு

குளோபினின் ஆல்ஃபா அல்லது பீட்டாச் சங்கிலி குறைவாக உருவாகும் மரபணுக் குறை தலசீமியா எனப்படும். பீட்டா மரபணு ஒவ்வொருவருக்கும் இரண்டு. அவற்றுள் ஒன்று மட்டும் பழுதுற்றவர் தலசீமியாக் கூறு உடையவர். மருத்துவமனைகளில் இவரைக் கேரியர் என்பர். இவருக்குப் பெரும்பாலும் நோய்த்துன்பம் எதுவும் இராது. ஹீமோகுளோபின் சற்றே குறைந்தும் அணுக்கள் மிகச் சிறுத்தும் இருக்கும். இந்திய மக்களுள் 3 முதல் 4 விழுக்காட்டினர் பீட்டாத் தலசீமியாக் கூறு உடையோர் என மதிப்பிடப்படுகிறது. சில சமூகங்களில் இவ்வளவு மிகுந்தும் சிலவற்றில் குறைந்தும் அமையும்.

பெற்றோர் இருவரும் பீட்டாக் கூறு உடையோராயின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தை இரு பழுதுற்ற மரபணுக்களையும் பெறும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அவ்வாறு பிறக்கும் குழந்தையிடம் பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதிற்குள் கடுஞ்சோகை தோன்றும். பின்னர் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்றவும், அதனால் இதயத்திலும் கல்லீரலிலும் படியும் இரும்பை மருந்துகளால் அகற்றவும் வேண்டியிருக்கும். கூறு உடைய ஒருவரின் சிற்றணுவை இரும்புக் குறைபாடெனத் தவறாகக் கொள்வதன் உண்மையான விலை இங்கேதான் உள்ளது. அவருக்குக் கொடுத்த மாத்திரையால் பெருந்தீங்கு நேராமற் போகலாம். ஆனால் அவருடைய துணைவரைச் சோதிக்க வேண்டும் என்னும் எண்ணமே எழாமற் போய்விடுகிறது. மக்களைப் பரவலாகச் சோதித்துத் துணைவர்களுக்கு அறிவுரை வழங்கியதன் வழியாகச் சைப்பிரஸ், சார்டினியா ஆகிய தீவுகள் தலசீமியாக் குழந்தைப் பிறப்பைப் பெரிதும் குறைத்துள்ளன.

ஆல்ஃபா மரபணுக்கள் நான்கு. அவற்றுள் ஒன்று இல்லாதபோது மாற்றம் எதுவும் புலப்படாமலிருக்கலாம். இரண்டு இல்லாதபோது அணுக்கள் சிறுக்கும். இந்தியாவின் வடகிழக்கிலும் தென்கிழக்காசியாவிலும் மிகுதியாகக் காணப்படும் ஹீமோகுளோபின் ஈ என்னும் மாற்றுவடிவமும் சிற்றணுவை உண்டாக்கும். அது பீட்டாத் தலசீமியாவோடு ஒருவரிடம் சேரும்போது கடுநோயாகலாம்.

பிற காரணங்கள்

காசநோய், முடக்குவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, புற்று போன்ற நெடுநோய்களில் அழற்சியால் ஹெப்சிடின் மிகுகிறது. இரும்பு விழுங்கணுக்களுக்குள் அடைபட்டுவிடுகிறது. சேமிப்பு நிறைந்திருந்தும் மஜ்ஜைக்கு எட்டுவதில்லை. இவ்வகைச் சோகையில் அணுக்கள் பெரும்பாலும் இயல்பான அளவிலேயே இருக்கும். நோய் நீடிக்கும்போது சிலரிடம் சிறுக்கும்.

ஈயம், ஹீம் உருவாக்கத்தின் இரு நொதிகளைத் தடுக்கிறது. மின்கல மறுசுழற்சிப் பட்டறைகள், பழைய வண்ணப்பூச்சுகள், முறையாகத் தூய்மை செய்யப்படாத உலோக மருந்துகள் ஆகியவற்றின் வழியாக ஈயம் உடலில் சேரும். சோகையோடு வயிற்றுவலி, மலச்சிக்கல், குழந்தைகளிடம் கற்றல் குறைவு ஆகியன காணப்படும்போது இதனை ஐயுற வேண்டும். இரும்புக் குறைபாடு உடைய குழந்தையின் குடல் ஈயத்தையும் மிகுதியாக உறிஞ்சுவதால் இவ்விரண்டும் ஒருங்கே அமைதல் உண்டு.

சிடரோபிளாஸ்டிக் இரத்தசோகையில் இரும்பு இளஞ்சிவப்பணுவின் மைட்டோகாண்டிரியாவில் வளையமாகப் படிந்துவிடுகிறது. இது பிறவியிலும் வரலாம்; காசநோய்க்குரிய ஐசோனியசிட் மருந்தாலும் செம்புக் குறைபாட்டாலும் வரலாம். பிறவி வகைகளுள் சில வைட்டமின் பி6க்கு இணங்கும்.

நோயறிதலின் படிநிலைகள்

முதற்படி, சோகை உண்டெனத் துணிதல். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி டெசிலிட்டருக்கு ஆண்களுக்கு 13 கிராம், கருவுறாத பெண்களுக்கு 12 கிராம் என்னும் அளவிற்குக் கீழ் ஹீமோகுளோபின் குறைதல் இரத்தசோகையாகும். பேறுகாலத்தின் முதல் மூன்று மாதங்களில் எல்லை 11 கிராம்.

இரண்டாம் படி, முழு இரத்த அணுக்கணக்கை முழுமையாகப் படித்தல். இச்சோதனை இன்று சிறு நகர ஆய்வகங்களிலும் தானியங்கிக் கருவியால் செய்யப்படுகிறது. ஆயினும் அறிக்கையில் ஹீமோகுளோபின் மட்டுமே நோக்கப்பட்டு எஞ்சிய எண்கள் கருதப்படாமற் போவதுண்டு. எம்.சி.வி.யோடு சிவப்பணுக்களின் எண்ணிக்கையையும், அணுக்களின் அளவு ஒன்றோடொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் காட்டும் ஆர்.டி.டபிள்யூ. என்னும் அளவையும் சேர்த்து நோக்க வேண்டும். இரும்புக் குறைபாட்டில் அணுக்கள் குறைவாகவும் பலவேறு அளவினவாகவும் உருவாகும். தலசீமியாக் கூறில் அணுக்கள் சிறியனவாயினும் எண்ணிக்கை மிகுந்தும் அளவு பெரும்பாலும் ஒருபடித்தாயும் இருக்கும்.

இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு 1973இல் மென்ட்சர் ஓர் எளிய ஈவை முன்வைத்தார். எம்.சி.வி.யை, மைக்ரோலிட்டருக்கு இத்தனை மில்லியன் எனக் குறித்த சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஈவு 13க்கு மேற்படின் இரும்புக் குறைபாட்டையும் 13க்குக் குறையின் தலசீமியாக் கூறையும் முதலில் ஐயுறலாம். விளக்கத்திற்காக இரு அறிக்கைகளைக் கற்பனையாகக் கொள்ளலாம்.

அறிக்கை அ: ஹீமோகுளோபின் 8.7 கிராம், சிவப்பணு 4.0 மில்லியன், எம்.சி.வி. 70; ஆர்.டி.டபிள்யூ. 19 விழுக்காடு. ஈவு 17.5.

அறிக்கை ஆ: ஹீமோகுளோபின் 11.2 கிராம்; சிவப்பணு 5.6 மில்லியன், எம்.சி.வி. 64, ஆர்.டி.டபிள்யூ. 14 விழுக்காடு. ஈவு 11.4.

ஹீமோகுளோபினை மட்டும் நோக்குவோர்க்கு முன்னது நடுத்தரச் சோகை. பின்னது இலேசான சோகை. இரண்டிற்கும் இரும்பு மாத்திரையே எழுதப்படக்கூடும். பின்னதில் சோகை இலேசாக இருந்தும் அணுக்கள் முன்னதைவிடச் சிறுத்துள்ளமையே ஐயத்தை எழுப்ப வேண்டிய செய்தி. இரும்புக் குறைபாட்டில் பொதுவாகச் சோகை முற்றிய பின்னரே அணுக்கள் இத்துணைச் சிறுக்கும். எனினும் இவ்வீவு வழிகாட்டியேயன்றி முடிவன்று. இரு நோயும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் அது பொய்க்கும்.

மூன்றாம் படி, இரும்பின் இருப்பை அளத்தல். இதற்குத் தலைசிறந்த ஒற்றைச் சோதனை ஃபெரிட்டின். உடல்நலமுடைய வயது வந்தோரிடம் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் குறைந்த ஃபெரிட்டினும், ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளிடம் 12க்குக் குறைந்த ஃபெரிட்டினும் இரும்புக் குறைபாட்டை உறுதிப்படுத்துகின்றன. மருத்துவர் பலர் நடைமுறையில் 30ஐ எல்லையாகக் கொள்கின்றனர். ஃபெரிட்டின் அழற்சியில் தானே உயரும் இயல்புடையது. எனவே தொற்றோ அழற்சியோ உள்ளவிடத்து, வயது வந்தோர்க்கு 70, சிறு குழந்தைகளுக்கு 30 என எல்லையை உயர்த்திக்கொள்ள உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. காய்ச்சலின்போது எடுத்த இரத்தத்தில் ஃபெரிட்டின் 50 என வந்தால் அதனை இயல்பெனக் கொள்ளுதல் பிழையாகும். இத்தகைய ஐயங்களில் டிரான்ஸ்ஃபெரின் நிறைவு விழுக்காடு துணைபுரியும். அது இரும்புக் குறைபாட்டில் 16 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கும். இரும்பைப் பிணைக்கும் மொத்தத் திறன் இரும்புக் குறைபாட்டில் மிகும்; அழற்சிச் சோகையில் இயல்பாகவோ குறைந்தோ இருக்கும். இரத்தத்திலுள்ள இரும்பின் அளவை மட்டும் கொண்டு முடிவு செய்தல் ஆகாது. அது வேளைக்கு வேளையும் உணவுக்கேற்பவும் மாறும். மஜ்ஜையில் பிரஷ்ய நீலச் சாயமேற்றி இரும்பைக் காணும் முறை ஐயந்தீர்க்கும் சோதனையாயினும், அது அரிதாகவே தேவைப்படும்.

நான்காம் படி, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்தறிதல். உயர்திறன் நீர்ம வண்ணப்பிரிகை முறையில் ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 விழுக்காட்டிற்கு மேற்படின் பீட்டாத் தலசீமியாக் கூறு உறுதியாகிறது. இவ்வசதி இல்லாத இடங்களில் முதல் வடிகட்டலாக ஒற்றைக் குழாய்ச் சோதனை இந்தியாவில் பயன்பட்டு வருகிறது. 0.36 விழுக்காட்டு உப்புக்கரைசலில் சிறிதளவு இரத்தத்தைக் கலந்து, குழாயின் பின்னே வைத்த வெண்தாளிலுள்ள கருங்கோடு தெரிகிறதா என நோக்குவர். இயல்பான அணுக்கள் அக்கரைசலில் உடைந்துவிடுவதால் கோடு தெரியும். தலசீமியாவின் சிற்றணுக்கள் உடையாது நிற்பதால் கரைசல் கலங்கிக் கோடு மறையும். இரும்புக் குறைபாட்டிலும் கோடு மறையலாம் என்பதால், மேற்சோதனை இன்றியமையாதது.

ஃபெரிட்டினும் ஏ2 அளவும் இயல்பாயிருந்தும் அணுக்கள் சிறுத்திருப்பின் ஆல்ஃபாத் தலசீமியாவைக் கருத வேண்டும். மரபணுச் சோதனையே அதனை உறுதிசெய்யும். இரத்தப் பூச்சில் அணுக்களுக்குள் நீலப்புள்ளிகள் தென்படின் ஈய அளவைச் சோதிக்க வேண்டும். எல்லாக் காரணங்களும் விலக்கப்பட்ட பின்னரே மஜ்ஜைச் சோதனைக்கு இடமுண்டு.

பிழை நேரும் இடங்கள்

முதலாவது, கடுமையான இரும்புக் குறைபாடு ஏ2 அளவைத் தாழ்த்திக் காட்டும். கூறு உடைய ஒருவர் இரும்புக் குறைபாடும் உடையவராயின் ஏ2 இயல்பெல்லைக்குள் தோன்றக்கூடும். எனவே இரும்பை நிறைவு செய்தபின் மறுசோதனை வேண்டும். கருவுற்றவருக்கு அவ்வாறு காத்திருத்தல் இயலாது; கணவரின் இரத்தத்தையும் உடனே சோதிப்பதே தக்கது. இருவரும் கூறு உடையோராயின், கருவின் நிலையை 10 முதல் 12 வாரங்களிலேயே கருச்சூழ்சவ்வின் திசுவால் அறிய வழியுண்டு.

இரண்டாவது, கூறு உடையோர்க்கு இரும்பு கூடாது என்னும் கருத்தும் பிழையே. ஃபெரிட்டின் குறைந்திருந்தால் அவர்க்கும் இரும்பு தேவை. குறையாதபோது, சிற்றணுவை மட்டும் கண்டு ஆண்டுக்கணக்கில் கொடுப்பதே தவறு.

மூன்றாவது, மருத்துவத்திற்கு இணங்குவதை நோயறிதலின் பகுதியாகக் கருதாமை. முறையாக இரும்பு உட்கொண்டால் ஏழு முதல் பத்து நாள்களில் இளஞ்சிவப்பணுக்கள் மிகும். நான்கு வாரத்திற்குள் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1 முதல் 2 கிராம் உயரும். உயரவில்லையெனில் மாத்திரை உட்கொள்ளப்பட்டதா, கசிவு தொடர்கிறதா, உறிஞ்சல் குறைவுண்டா, முதல் முடிவே தவறா என்னும் நான்கு வினாக்களையும் எழுப்ப வேண்டும். மாத்திரையை மாற்றி எழுதுவது மட்டும் விடையாகாது. ஹீமோகுளோபின் இயல்பான பின்னும் சேமிப்பு நிறைவதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் மருந்தைத் தொடர வேண்டும்.

நான்காவது, சோகை தோன்றுமுன் உள்ள நிலையைப் புறக்கணித்தல். முதலில் சேமிப்புக் கரையும். பின்னர் மஜ்ஜைக்கு வரத்துக் குறையும். இறுதியிலேயே ஹீமோகுளோபின் இறங்கும். ஆகவே ஹீமோகுளோபின் 12 கிராமுக்கு மேலிருந்தும் ஃபெரிட்டின் குறைந்த பெண்ணின் சோர்வு உடல்சார்ந்த காரணமுடையதே.

முடிவுரை

இரத்தசோகையற்ற இந்தியா என்னும் பெயரில் 2018இல் தொடங்கப்பெற்ற தேசியத் திட்டம், இரும்பு மாத்திரை வழங்கலோடு மலேரியா, மரபுவழி ஹீமோகுளோபின் நோய்கள், ஃபுளோரைடு நச்சு ஆகிய ஊட்டம்சாராக் காரணங்களையும் தன் கூறுகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. அக்கூறு நடைமுறையில் வலுப்பெறுதற்குப் புதிய கருவிகள் முதற்றேவையல்ல. ஏற்கெனவே அச்சாகிவரும் அணுக்கணக்கு அறிக்கையின் எல்லா எண்களையும் படிக்கும் பழக்கம் போதுமான தொடக்கமாகும்.

இக்கட்டுரையால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

சிற்றணு என்பது ஹீமோகுளோபின் உற்பத்தி எங்கோ தடைப்பட்டதன் அடையாளம். தடை எவ்விடத்தது என்பதை அது தானே உணர்த்தாது.

இரும்புக் குறைபாடு உறுதியான பின்னும் அதன் காரணம் தேடப்பட வேண்டும். ஆண்களிடமும் மாதவிடாய் நின்ற பெண்களிடமும் அத்தேடல் குடல்வரை செல்ல வேண்டும்.

சோகை இலேசாகவும் அணு மிகச் சிறிதாகவும் சிவப்பணு எண்ணிக்கை மிகுந்தும் உள்ள அறிக்கை, ஃபெரிட்டின் சோதனைக்கும் ஹீமோகுளோபின் வகைப் பிரிப்பிற்கும் உரியது. திருமணத்திற்கு முன்னோ பேறுகாலத்தின் தொடக்கத்திலோ அதனைச் செய்தல் சிறப்பு.

ஃபெரிட்டினை அழற்சியோடும், ஏ2 அளவை இரும்பின் இருப்போடும் சேர்த்தே பொருள்கொள்ள வேண்டும்.

நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் உயராமை, நோயறிதலை மறுபடி முதலிலிருந்து தொடங்குவதற்குரிய காரணமாகும்.